வாசலில் இடமில்லாத கொடி

பொது இடத்தில் கொடிக்கம்பம் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டதால், இன்று காலை எங்கள் கள்ளக்குறிச்சித் தெருமுனைக்கு வி.ஏ.ஓ. ஜேசிபியோடு வந்தார்.

சாதிச் சங்கத்துக்காரர்கள் பத்துப் பேர் தங்கள் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"இது வெறும் துணி இல்லீங்க சார், எங்க மானம்! உசுரே போனாலும் வுடமாட்டோம்!" என்று கத்தினார் தலைவர்.

வி.ஏ.ஓ. அலட்டிக்கொள்ளவில்லை. "சொந்தப் பட்டா எடத்துல நட்டுக்குங்க. யாரு வூட்டு வாசல்னு சொல்லுங்க, நானே தூக்கியாந்து வெச்சிட்றேன்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"என் வூட்டாண்டயா? அங்க கார் நிறுத்திக்கினு இருக்கேனே!"

செயலாளர், "நம்ம வூட்டுக்கு வாஸ்து ஒத்துக்காதுங்க" என்றார். பொருளாளரை அதற்குள் காணவில்லை.

மானம் இப்போது சாக்கடையோரம் படுத்திருக்கிறது. வாசலில் இடம் இருக்கிற மானஸ்தர்கள் கமெண்டில் கை தூக்குங்கள்.