கேட்டவனுக்கெல்லாம் ஒரு பதில்

என் அண்ணன் கோவிந்தராசுக்கு வாய்க்கொழுப்பு அதிகம். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவனுக்கு நான் ஒரே தங்கை, எனக்கு அவன் ஒரே அண்ணன்.

எங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்தவர். கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டை 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்றுதான் சொல்வார்கள். அப்பா விட்டுப்போன பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 1971-ல் அண்ணன் பிரான்சுக்குப் போனான். லியோன் என்ற ஊரில் ஒரு ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை. வீட்டில் அம்மாவும் நானும். எனக்குக் கல்யாணம் ஆனதும் அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் போனேன்.

அங்கே உள்ளவர்கள் அவனைக் கேட்காத கேள்வி இல்லை. 'உங்கள் ஊரில் வீடு உண்டா, மரத்தில்தான் தூங்குவீர்களா?' 'பள்ளிக்கூடத்துக்கு யானையிலா போனாய்?' இவன் சும்மா இருப்பானா? யானைக்கு வயசாகிவிட்டதால் கடைசி வருஷம் நடந்து போனேன் என்று சொல்லியிருக்கிறான். அதையெல்லாம் கடிதத்தில் எழுதுவான். நான் படிக்கப் படிக்க அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

நம் ஊர்க்காரர்கள் மட்டும் என்ன யோக்கியம்? 75-ல் அவன் லீவில் வந்தபோது வைத்திக்குப்பத்தில் மீனுக்கு ஐஸ் போடும் கலியபெருமாள் ஓடி வந்து, "ஏம்ப்பா, அங்க தவளைய வறுத்துத் துன்றாங்களாமே, நெசமா?" என்றார்.

"வறுவல் நல்லா இருக்காதுண்ணே, கொழம்பு வச்சாத்தான் ருசி" என்றான் அண்ணன். கலியபெருமாள் ஒரு வாரம் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த முறை அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வந்திருந்தான். நல்ல பழுப்பு நிறம். சித்திரை வெயிலில் அதைப் பிரித்துக் காட்டுகிறான் மடையன்! அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இத போத்திக்கினா நான் வெந்து பூடுவேன்டா" என்று சொல்லி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

77-ல் ஒரு கடிதம் வந்தது. கடையில் எல்லாரும் சாப்பிடும்போது முதலாளி கேட்டாராம்: உங்கள் ஊரில் செத்தவர்களை என்ன செய்வீர்கள்? அண்ணன் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான்: 'மகன் எங்கே இருந்தாலும் வந்து சேரும் வரை எடுக்க மாட்டோம். உப்பும் வேப்பிலையும் போட்டு ஒரு மாதம் கூட வைத்திருப்போம்.' அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்களாம். அதற்கப்புறம் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலாளியே அவனைக் கூப்பிட்டு அந்தக் கதையைச் சொல்லச் சொல்வாராம்.

"ஒரு மாசமா! தெருவே நாறிப் பூடும்டா பாவி" என்று அம்மா சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. நான்தான் தலையில் தட்டினேன்.

1979 டிசம்பர் 22, காலையில் அம்மா போய்விட்டாள். மார்வலி என்றாள். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. உடனே தந்தி அடித்தோம். மறுநாள் பதில் தந்தி வந்தது: 'புறப்படுகிறேன். காத்திருங்கள்.'

ஒரே மகன். அவன் கையால் கொள்ளி வாங்காமல் அம்மாவை எப்படி அனுப்புவது? கலியபெருமாள் மீன் ஐஸைப் பாளம் பாளமாகக் கொண்டுவந்து இறக்கினார். மரத்தூளைத் தட்டிவிட்டு அடுக்கி, அதன் மேல் பலகை போட்டு அம்மாவைக் கிடத்தினோம். வீடு முழுக்க மீன் கவிச்சி. மீன் இல்லாமல் சோறு இறங்காதவள் அவள். அவளே எழுந்து, இன்றைக்கு என்ன மீன் என்று கேட்பாள் போலிருந்தது எனக்கு.

பிணம் கிடக்கும்போது தெருவில் யாரும் உலை வைக்க மாட்டார்கள். ஒரு நாள் தாங்கும். இரண்டாம் நாள் குழந்தைகளுக்கு மட்டும் வேறு தெருவிலிருந்து கஞ்சி வந்தது. மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஆயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுலோசனா, தப்பா நெனைக்காத. எவ்ளோ நேரம்னாச்சும் சொல்லு" என்றாள். எனக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு முறை வண்டிச் சத்தம் கேட்கும்போதும் வாசலுக்கு ஓடினேன். ஐஸ் உருகி உருகித் தண்ணீர் தெருவரைக்கும் போனது. ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து என் கைத் தோல் உரிந்துவிட்டது.

25-ம் தேதி மத்தியானம் பெரியவர்கள் கூடிப் பேசி எடுத்துவிட்டார்கள். பெரியப்பா மகன் சாமிக்கண்ணு கொள்ளி வைத்தான். சுடுகாடு கூப்பிடு தூரம்தான். பெண்பிள்ளை என்பதால் நான் அதுவரைகூடப் போகவில்லை.

அண்ணன் 28-ம் தேதி வந்தான். பந்தலைப் பிரித்திருந்தோம். காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏன்டா, அங்க தந்தி லேட்டா வருமா?" என்று கேட்டார் ஒரு பெரியவர். அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். எல்லாரும் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னான். தந்தியைக் கண்டதும் வருகிறேன் என்று பதில் அடித்துவிட்டு முதலாளியிடம் ஓடியிருக்கிறான். முதலாளி தோளில் கைபோட்டு வருத்தப்பட்டாராம். 'கிறிஸ்துமஸ் ரொட்டி முடியட்டும், அடுத்த நாளே போ. உங்கள் ஊரில்தான் ஒரு மாதம் வைத்திருப்பீர்களே' என்றாராம்.

"வெளையாட்டுக்குச் சொன்னேன்னு கால்ல வுழாத கொறையா சொன்னேன் சுலோ. சிரிக்கிறாரு. அவசரமா ஊருக்குப் போறதுக்காவ இப்பதான் பொய் சொல்றேன்றாரு. உப்பு, வேப்பிலைன்னு நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்றானுவ அத்தினி பேரும். வேலைய வுட்டுட்டுக் கெளம்பவும் பயம். இன்னிக்கு வுடுவாரு, நாளைக்கு வுடுவாருன்னு இருந்துட்டேன். மறுதந்தி அடிக்கக் கூட மூஞ்சி இல்ல."

மூன்று நாள் ஐஸ் அள்ளிய கை என் கை. எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம். "தவள தன் வாயாலதான் கெடும். நீ கெட்டா பரவால்ல, எங்கம்மாவ அநாதப் பொணமாட்டம் போட்டுட்டியேடா!" என்று கத்தினேன். அண்ணனை நான் 'டா' போட்டது அன்று ஒரு நாள்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கருமாதி முடித்து, தலையை மழித்துக்கொண்டு திரும்பிப் போனான்.

அதற்கப்புறம் கடிதம் வரும். 'நலம். நலமறிய ஆவல்.' அவ்வளவுதான். யார் என்ன கேட்டார்கள், இவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி இருக்காது. என் வாயில் மண்ணள்ளிப் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும். கதை சொன்ன தப்பு அவனுடையது என்றால், சிரித்த தப்பு எங்களுடையதும்தானே?

85-ல் மறுபடி வந்தான். முடி நரைத்திருந்தது. கலியபெருமாள் வந்து உட்கார்ந்தார். அவர் மட்டும் மாறவே இல்லை.

"அங்க ரோடு பூரா ஐஸாமே கோவிந்தராசு. அப்ப மீனு கெடவே கெடாதுல்ல?"

பழைய அண்ணனாக இருந்தால் இதற்கு ஒரு மணி நேரம் கதை வந்திருக்கும். "குளிர் காலத்துல மட்டுந்தாண்ணே" என்றான். "தொட்டா கை மரத்துப் பூடும்." கலியபெருமாள் இன்னும் ஏதாவது வரும் என்று சற்று நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போனார்.

நான் தட்டில் சோறு வைத்தேன். அவன் கை வைக்கவில்லை.

"சுலோ, ஒண்ணு கேட்டா திட்ட மாட்டியே?"

"கேளுண்ணா."

"மூணு நாள் ஐஸ் மேல கெடந்தாளே. அம்மாவுக்குக் குளுந்திருக்குமா?"

செத்தவளுக்கு ஏது குளிர்? யானையில் பள்ளிக்கூடம் போனாயா என்று கேட்டவனைவிட மோசமான கேள்வி. ஆனால் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வருஷமாக இதை வைத்துக்கொண்டு அந்த அடுப்படியில் நின்றிருக்கிறான்.

"எப்பிடிண்ணா குளுரும்?" என்றேன். "நீ வாங்கியாந்த கம்பளியத்தான போத்தி வச்சிருந்தோம். காலு வரைக்கும். அதோடதான் போனா."

"நெசமா?"

"அம்மா மேல சத்தியமா."

அண்ணன் தலையை ஆட்டினான். சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். நான் எழுந்து உள்ளே போய், டிரங்குப் பெட்டியின் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.