மேட் ஆல்பர்ட்டின் எண்ணிக்கை

மரிய ஆல்பர்ட்டை எங்கள் விடிவெள்ளி கால்பந்துக் கழகத்துக்குக் கோச்சாகப் போடலாம் என்று பேச்சு வந்த அன்று, வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். சொன்னதோடு நிற்காமல், "இவரு நம்ம டீமைக் கடைசி எடத்துலேருந்து தூக்கிட்டாருன்னா நான் பாதி மீசைய எடுத்துக்கறேன்" என்று சபையில் வாயை வேறு விட்டுவிட்டேன். என் பெயர் லூர்துராஜ். கழகத்தின் செயலாளர். திருமானூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முன்னால் ஓடும், புத்தி பின்னால் வரும்.

ஆனால் என் கோபத்திலும் நியாயம் இருந்தது. கழகம் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது, ஒரு கோப்பை கிடையாது. போன வருடம் எட்டு டீம் ஆடிய லீக்கில் எட்டாவதாக வந்தோம். வாங்கிய கோல் நாற்பத்தொன்று. இருந்த கோச் சீசன் பாதியிலேயே போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். இந்த லட்சணத்தில் முப்பத்தேழு வயது, தேய்ந்த முட்டி, கேட்காத இடது காது, இத்தனையும் வைத்திருக்கிற ஒருவர் தானே ஆடிக்கொண்டு தானே பயிற்சியும் கொடுப்பாராம். கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிகிற வேலை என்று நினைத்தேன்.

ஆல்பர்ட்டுக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. அங்கே அவர் மேட். வெடி வைப்பதற்கு முன்னால் தன் ஆட்களையெல்லாம் பள்ளத்திலிருந்து மேலே ஏற்றி, ஒதுக்கமாக நிறுத்தி, தலையை எண்ணிச் சரி என்று கையைத் தூக்க வேண்டியது அவர் பொறுப்பு. அவர் கை தூக்கினால்தான் சங்கு ஊதுவார்கள். அவருக்குக் கீழே பதினோரு பேர். ஒன்பது வருடமாகத் தினமும் பதினொன்று எண்ணியிருக்கிறார். பையன்கள் அவரை 'மேட்டண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

முட்டியைப் பார்த்த டாக்டர், ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆல்பர்ட்டின் மனைவி சுபா, ஏலாக்குறிச்சியில் டீச்சராக இருக்கிறவர், "இந்த ஒரு சீசன், அதோட சரி" என்று கணக்காகச் சொல்லி அனுப்பினார். பதினெட்டு வயதிலிருந்து பந்து உதைக்கிற மனிதர், ஒரு கோப்பையைக்கூடக் கையால் தொட்டதில்லை. தொடுவதாக இருந்தால் இந்த வருடம்தான்.

முதல் நாள் பயிற்சியில் பந்தையே வெளியே எடுக்கவில்லை. பையன்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். "குவாரியில தனியா யாரும் எறங்கக் கூடாது. இவனுக்கு அவன், அவனுக்கு இவன். இங்கயும் அப்புடித்தான். ஒன் ஜோடி எங்க நிக்கிறான்னு திரும்பிப் பாக்காம சொல்லணும்" என்றார். அப்புறம் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொருவனாகக் கேட்டார். பத்து நாளைக்கு இதே கூத்துதான். ஓரமாக நின்று நான் சத்தமாகவே சிரித்தேன். அவருடைய கேட்காத காதுப் பக்கம் நின்றதால் எனக்கு வசதியாகப் போயிற்று.

கோல்கீப்பர் பூமாலை மட்டும் யாரோடும் ஜோடி சேராமல் தனியாக நின்றான். கரும்பு வெட்டப் போகிறவன். அந்த நாற்பத்தொரு கோலும் அவன் கையைத் தாண்டிப் போனவை. ஊரில் பெட்டிக்கடைக்காரர்வரை கேலி செய்ததில், இந்த வருடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டிருந்தான். ஆல்பர்ட்தான் அவன் வீடுவரை போய்க் கூட்டி வந்தார்.

"ஒனக்கு ஜோடி நான். நீ வுட்டா நான் வுட்ட மாதிரி" என்றார்.

பூமாலை மறுநாள் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்துவிட்டான்.

பிப்ரவரியில் லீக் தொடங்கியது. முதல் இரண்டு ஆட்டமும் சமன். மூன்றாவது ஆட்டம் வரதராசன்பேட்டையில், அதில் ஜெயித்தோம். ஜெயித்த மகிழ்ச்சியில் திரும்பக் கிளம்பும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. ஆல்பர்ட் வேன் வாசலில் நின்று எண்ணினார். பையன்கள் பதினைந்து, நான் ஒன்று, ஆக மொத்தம் பதினாறு. "சரியா இருக்கு, போலாம்" என்று வேனைத் தட்டினார். டிரைவர் அழகேசன் எடுத்துவிட்டார். இரண்டு கிலோமீட்டர் வந்த பிறகு, கோச் எங்கே என்று யாரோ கேட்டார்கள். திரும்பிப் போனால் மனிதர் டீக்கடை வாசலில் தனியாக நிற்கிறார்.

"நீங்க ஏறலன்னு சொல்லக் கூடாதாங்க?" என்று அழகேசன் தலையில் அடித்துக்கொண்டார்.

"எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு" என்றார் ஆல்பர்ட். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. குவாரியில் மேட் மற்றவர்களைத்தான் எண்ணுவார். எண்ணுகிறவர் கணக்கில் வரமாட்டார். நாங்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தோம். அதோடு மறந்தும் போனோம், அதுதான் நாங்கள் செய்த தப்பு.

அதற்குப் பிறகு வரிசையாக ஐந்து வெற்றி. எதிராளி எவ்வளவு வேகமாக வந்தாலும் எங்கள் பையன்கள் கலையவே இல்லை. ஒருவன் ஏமாந்தால் அவன் ஜோடி அங்கே நின்றான். கோல் விழுந்தாலும் ஆல்பர்ட் திட்டமாட்டார். "யாரு வுட்டதுங்கறத வூட்டுல போயி பேசிக்கலாம். இப்ப யாரு எங்க நிக்கிறீங்க, அதச் சொல்லுங்க" என்பார். ஏப்ரலில் நாங்கள் மூன்றாவது இடம். நான் கடைக்கு வருகிறவர்களிடம் மீசையை மறைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். மே மாதம் பதின்மூன்று ஆட்டம் முடிந்தபோது நாங்கள்தான் முதலிடம், வாங்கிய கோல் மொத்தமே எட்டு. ஒரே ஒரு புள்ளி பின்னால் குரும்பலூர் டீம். கடைசி ஆட்டம் அவர்களோடுதான், பெரம்பலூரில். சமன் செய்தால் போதும், கோப்பை எங்களுக்கு. தோற்றால் அவர்களுக்கு.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. குரும்பலூர் முதலில் ஒன்று போட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு, ஆல்பர்ட் பின்னாலிருந்து தூக்கிப் போட்ட பந்தைப் பிரேம்குமார் தலையால் முட்டிச் சமன் செய்தான். ஒன்றுக்கு ஒன்று. நான் கையிலிருந்த ஜெபமாலையையும் வாயிலிருந்த வசவையும் மாற்றி மாற்றி உருட்டிக்கொண்டிருந்தேன்.

முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது பிரேமுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவனைத் தாங்கி வெளியே கொண்டு வந்தோம். அவன் இடத்துக்கு ஆண்ட்ரூஸை நடுவரிடம் சொல்லி உள்ளே அனுப்பினோம். அதே நேரம் குரும்பலூருக்கு ஒரு கார்னர். கோல் வாசலில் ஒரே தள்ளுமுள்ளு, புழுதி. நடுவர் அங்கே சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டிருந்தார். பிரேம் வெளியே போனதைப் பார்த்த ஆல்பர்ட், ஆண்ட்ரூஸ் உள்ளே போனதைப் பார்க்கவில்லை. குவாரியில் எண்ணுகிற பழக்கத்தில் விரலை நீட்டி எண்ணினார். பத்துதான் வந்தது.

"ஒரு ஆளு கொறையுது. மகேசு, உள்ள வாடா" என்று கோல் கம்பத்துக்குப் பின்னால் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த மகேஷைக் கூப்பிட்டார்.

மேட் கூப்பிட்டால் ஏன் என்று கேட்காமல் ஓடிப் பழகிய பையன். ஓடிவிட்டான். நான் இந்தப் பக்கமிருந்து, "ஆல்பர்ட்டு, ஆளு சரியா இருக்குய்யா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இந்தப் பக்கம் அவருடைய இடது பக்கம். பந்து உள்ளே வந்தது. குரும்பலூர்க்காரன் ஒருவன் தலையால் முட்டினான், பூமாலையையும் தாண்டிவிட்டது. கோட்டின்மேல் நின்ற மகேஷ் அதை உதைத்து வெளியே அனுப்பினான். பந்து எங்கள் பக்கக் கோட்டைத் தாண்டி என் காலடியில் வந்து நின்றது.

யாருக்கும் தெரியவில்லை. நடுவருக்கும் தெரியவில்லை, குரும்பலூர்க்காரர்களுக்கும் தெரியவில்லை. நான் பந்தை எடுத்துத் தராமல் மெதுவாகக் குனிந்தபடி மகேஷுக்குக் கண்ணைக் காட்டினேன், வெளியே வா என்று. புத்திசாலிப் பையன், தலையைச் சொறிந்துகொண்டு நடக்க ஆரம்பித்தான்.

"எங்கடா போற?" ஆல்பர்ட் அவனை மறித்தார்.

"பன்னெண்டு பேரு நிக்கிறோம்ண்ணே. ஒங்கள வுட்டுட்டு எண்ணிட்டீங்க."

ஆல்பர்ட் முகம் வெளுத்துவிட்டது. மறுபடி எண்ணினார். இந்தத் தடவை கடைசியாகத் தன் நெஞ்சில் விரலை வைத்தார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினேன், பேசாதே பேசாதே என்று. என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டே நடுவரிடம் போனார்.

"சார், எங்க ஆளு பன்னெண்டு பேரு. பந்த எடுத்ததும் அந்தப் பன்னெண்டாவது ஆளுதான். நான்தான் கூப்புட்டேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். நடுவர் கோட்டு நடுவரோடு பேசினார். ஆல்பர்ட்டுக்கும் மகேஷுக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். அனுமதி இல்லாமல் உள்ளே வந்தவன் கோல் வாசலில் பந்தைத் தொட்டிருக்கிறான், ஆகவே குரும்பலூருக்குப் பெனால்டி. நான் நாற்காலியை உதைத்தேன். பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது.

ஆல்பர்ட் பூமாலையிடம் போய், அவன் தோளில் கை வைத்து, "தப்பு என்னுது. நீ பாட்டுக்கு நில்லு" என்றார்.

"நான் வுட்டா நீங்க வுட்ட மாதிரி இல்ல?" என்று பூமாலை கேட்டான்.

"ஆமா."

"அப்ப நீங்க வுட்டதும் நான் வுட்டதுதானே. போயி நில்லுங்கண்ணே."

நான் பார்க்கவில்லை. மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன். பொத்தென்று ஒரு சத்தம், அப்புறம் கம்பத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் பூமாலை தரையில் கிடக்கிறான், பந்து கோலுக்குப் பின்னால் புல்லில் கிடக்கிறது. அவன் காலில் பட்டுக் கம்பத்தில் மோதி வெளியே போயிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு கார்னர், ஒரு ஃப்ரீ கிக், ஐந்து நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் ஒரு கல்லைத் தலையில் சுமப்பது மாதிரி இருந்தது. விசில் ஊதியபோது எனக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. அப்பாடா என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருடம் பிடித்து வைத்திருந்த மூச்சு அன்றுதான் முழுதாக வெளியே வந்தது.

கோப்பை கொடுத்தார்கள். ஆல்பர்ட் அதை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பூமாலையிடம் கொடுத்தார். சுபா போன் செய்தார். விஷயத்தைச் சொன்னதும் அழுதிருப்பார் போலிருக்கிறது. அப்புறம், "லூர்துராஜ் அண்ணன் மீசை என்னாச்சுன்னு கேளுங்க" என்றாராம்.

எல்லோரும் அந்தப் பக்கம் போன பிறகு, நான் அவருடைய வலது காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

"ஏன்யா, ஒருத்தருமே பாக்கல. பையன் தன்னால வெளிய வந்திருப்பான். நீ போயி கையத் தூக்குற. தோத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார். "இந்தக் காது எப்புடிப் போச்சுன்னு தெரியுமாண்ணே?"

"சின்ன வயசுல சீழு வடிஞ்சுச்சுன்னு சொன்னாங்க."

"இல்ல. குவாரிக்குப் போன மொத வருசம். வெடிக்கு முன்னாடி அப்ப இருந்த மேட்டு தப்பா எண்ணிக் கையத் தூக்கிட்டாரு. ஒரு ஆளு கொறஞ்சிருக்கு. அப்புறம் அவருக்கும் தெரிஞ்சிருக்கு. ஆனா சங்கு ஊதியாச்சு, மேல பெரியவங்க நிக்கிறாங்க, இப்ப நிறுத்துனா திட்டு வுழும்னு சும்மா இருந்துட்டாரு." இடது காதைத் தடவிக்கொண்டார். "கொறஞ்சது நான்தான். கீழ கடப்பாரைய எடுத்துக்கிட்டு இருந்தேன். உசுரு தப்புச்சு, காது போச்சு. தப்பா எண்ணுறது யாருக்கும் வரும்ணே. தெரிஞ்சப்புறம் சொல்லாம இருக்கக் கூடாது."

இந்த மனிதரை வேண்டாம் என்று சொன்னவன் நான் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவர் தோளைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

வேனில் எல்லோரும் ஏறினோம். ஆல்பர்ட் வாசலில் நின்று எண்ணினார். "பதினாறு. சரியா இருக்கு, போலாம்" என்று வேனைத் தட்டினார்.

அழகேசன் வண்டியை எடுக்கவில்லை.

"இல்லண்ணே, ஒரு ஆளு கொறையுது" என்றான் பின்சீட்டிலிருந்து பூமாலை.

ஆல்பர்ட் பதறிவிட்டார். தலையை உள்ளே நீட்டி ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். சீட்டுக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தார். "பதினாறுதான்டா வருது. யாருடா கொறையுது?"

பூமாலை எழுந்து வந்து, கோப்பையை என் மடியில் வைத்துவிட்டு, கீழே இறங்கி அவர் கையைப் பிடித்து மேலே ஏற்றினான்.

"பதினேழு" என்றான்.

அதற்குப் பிறகுதான் அழகேசன் வண்டியை எடுத்தார்.