மிச்சமிருந்த நான்கு படங்கள்

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே உத்தமமான பொய் என்று ஒன்றை வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. சிஞ்ச்வட்டில், சொசைட்டி என்று அங்கே சொல்லும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் குடியிருந்தோம்.

அப்பாவுக்குப் பக்கத்து ஊரான பிம்ப்ரியில், வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. உடைந்து திரும்பி வரும் பற்சக்கரங்களின் விரிசலைக் கறுப்பு வெள்ளையில் படமெடுப்பது அவர் பொறுப்பு. ஒரு சனிக்கிழமை வேலை முடியாமல் கம்பெனிக் காமிராவை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார். பால்கனியில் பேப்பரை விரித்துச் சக்கரங்களை வைத்து, "வெளிச்சம் பக்கத்துல இருந்து உளுகோணும், அப்பத்தான் விரிசல் தெரியும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு எடுத்தார். பிறகு காமிராவை அலமாரியில் வைத்தார். "ஆரும் தொடக்கூடாது. மேனேஜர் சாகேபுக்குத் தெரிஞ்சா வேலையே போயிரும்."

ஞாயிறு காலை அவர் காய் வாங்கப் போனதும் அம்மா அதை எடுத்தாள். ரோலில் நான்கு படம் பாக்கி. மிஞ்சின சோற்றைக்கூட வீணாக்காதவள் ஆயிற்றே, என்னைத்தான் படமெடுப்பாள் என்று நினைத்து, ரிப்பன் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவளோ கட்டடத்தின் பின்புறம், குழாய் ஒழுகும் சுவரடியில் புடவையைச் செருகிக்கொண்டு குந்தினாள். சொசைட்டிக்காரர்கள் கச்ரா, குப்பை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகும் இடம் அது. பாசியும், விரிசலில் முளைத்த பேர் தெரியாத செடியும்தான் அங்கே இருந்தன. வெயில் பக்கவாட்டில் சுவரைத் தொடும்வரை காத்திருந்து நான்கையும் எடுத்தாள்.

"அப்பாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு."

திங்கட்கிழமை ரோல் தொழிற்சாலைக்குப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. கழுவினால் எல்லாம் வெளியே வந்துவிடுமே! தினமும் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டேன். அம்மா இரண்டு நாள் சாம்பாருக்கு உப்புப் போட மறந்தாள்.

வியாழன் மாலை அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து ஒரு படத்தை நீட்டினார். பாசி காடாக நின்றது. அந்தச் செடியின் இலை நரம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. நாங்கள் தாண்டிப் போகிற சுவர்தான் அது என்று நம்ப முடியவில்லை.

"சாகேப் கேக்கறாரு. இத ஆரு எடுத்தது?" என்றார் அப்பா.

அம்மா முகம் வெளுத்து, வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"நாந்தானுங்கப்பா."

அடிக்குப் பயந்து கண்ணை மூடினேன். அப்பா என்னை அப்படியே தூக்கிக்கொண்டார். சாகேப் தம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க ஒரு பிரதி கேட்டாராம். இத்தனை வருஷத்தில் ஒரு விரிசலை இவ்வளவு அழகாக யாரும் எடுத்ததில்லை என்றாராம். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டு குக்கரை இறக்கப் போனாள்.

அடுத்த பிறந்தநாளுக்கு எனக்கு ஒரு காமிரா வந்தது. அதை அம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.