உறுமியை நான் அடிக்கவில்லை

அன்று அந்த உறுமியை நான் அடிக்கவில்லை. இடுப்புப் பையில் கிடந்த என் கைப்பேசி அடித்தது. நான் வளைந்த குச்சியைத் தோலின்மேல் சும்மா தடவிக்கொண்டிருந்தேன்... பரிமளா அக்கா தார்ச்சாலையில் முகங்குப்புற விழுந்த பின்னும் தடவிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் நீங்கள் காறித் துப்பலாம். காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்த்து நானே அதைத்தான் செய்கிறேன்.

எங்கள் ஊரான பாச்சாங்கில் ஓர் உறுமி மேளக் குழு நடத்துகிறேன். ஆறு பேர். ஆயர் குரோ தொழிற்சாலையில் பெட்டி தூக்கித் தூக்கி என் வலது தோள் போய்விட்டது. ஆறு மாதத்துக்குக் கையை அலட்டாதே என்றார் மருத்துவர். அப்போது நான் செய்திருக்க வேண்டியது மிக எளிது. என் மனைவியின் தம்பி குணா குழுவில் இருந்தான். உறுமியை அவனிடம் கொடுத்துவிட்டு, நான் தாளம் தட்டிக்கொண்டு பின்னால் நடந்திருக்கலாம்.

மனம் வரவில்லை. அவன் என்னைவிட நன்றாக அடிப்பான். அது ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது... இவ்வளவுதான் காரணம். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருந்தால் சொல்ல மாட்டேனா?

ஆகவே செயலி தேடினேன். ஒருமுறை அடித்ததைப் பதிந்துகொண்டு, அதே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற செயலி. எங்கள் உறுமியில் மைக் உண்டு. அதன் கம்பி இடுப்பிலிருக்கும் சின்னப் பெட்டிக்கு வரும். சத்தம் தள்ளுவண்டியில் வருகிற ஸ்பீக்கருக்குப் போகும். மைக் கம்பியை உருவிவிட்டு அந்த இடத்தில் கைப்பேசியைச் செருகினால் தீர்ந்தது வேலை. மாத்திரை போட்டுக்கொண்டு ஒரே ஒரு நிமிடம் அடித்துப் பதிந்தேன். சாமியை வரவழைக்கிற வேகமான அடி.

ஒரு வாரம் மதிய உணவு நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து செயலிகளைச் சோதித்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு ஆராயவில்லை. முதலில் இறக்கியது இலவசம். சத்தம் சுத்தமாக வந்தது. ஆனால் நிறுத்தியதும் துணி சோப்பு விளம்பரம் ஒன்று மலாயில் கூவியது. அம்மன் சன்னதியில் அது கூவினால் என் கதி என்ன? அழித்தேன். இன்னொன்றில் துண்டு முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு பிசிறு. குணாவின் காது அதைப் பிடித்துவிடும். அதுவும் போயிற்று.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றில், திரையில் விரலை இழுத்தால் வேகம் படிப்படியாகக் குறையும். ஆனால் திரை எரிந்துகொண்டே இருக்கும். பைத் துணி வழியே வெளிச்சம் தெரியும். மற்றதில் வேகத்தைக் குறைக்க வழியே இல்லை. ஓடத் தொடங்கியதும் திரை கறுத்துப் பூட்டிக்கொள்ளும். கை தவறிப் பட்டாலும் நிற்காது. இரண்டு விரலை வைத்து அழுத்திப் பிடித்தால்தான் திறக்கும்.

அருள் வந்து ஆடுகிறவரின் காலைப் பார்த்துத்தான் நாங்கள் அடிப்போம். முட்டி தளரத் தொடங்கினால் அடியை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அப்போதுதான் சாமி பதமாக மலையேறும். ஆள் பத்திரமாக உட்காருவார். உறுமி தூக்குகிற எவனுக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான். இது தெரிந்தே, நன்றாகத் தெரிந்தே, கறுப்புத் திரையைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு ஐந்து நட்சத்திரம் வேறு கொடுத்தேன்... சீ!

மூன்று திருவிழாக்கள் ஒரு சிக்கலும் இல்லாமல் போயின. நாலாவது ஜாசின் பக்கம், செம்பனைத் தோட்டத்துக் கோயில். பரிமளா அக்கா பால்குடம் எடுத்தார். பாச்சாங்கில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமைப்பவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அடுத்ததாவது தங்க வேண்டும் என்று வேண்டுதல்.

கோயில் வாசலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அவருக்கு அருள் வந்தது. ஆடினார். நன்றாகவே ஆடினார். பிறகு முட்டி தளர்ந்தது. நான் பார்த்தேன். என் கண் அதைத் தவறவிடவில்லை.

அடி இறங்கவில்லை. அதே வேகம், அதே உறுமல்... பைக்குள் கையை விட்டேன். விரலெல்லாம் மஞ்சள் தண்ணீர், வியர்வை. திரை என் விரலை மதிக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். திறக்கவில்லை.

இயந்திரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் கைப்பேசியின் கம்பி என் விரலுக்கு அருகில்தான் இருந்தது. ஓர் இழுப்பு போதும், சத்தம் செத்திருக்கும். கூடவே, குச்சி அசையும்போதே உறுமி ஊமையாகிப்போவதை அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். குணா பார்த்திருப்பான். எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. யோசித்தேன். கையைப் பையிலிருந்து வெளியே எடுத்துக் குச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் விழுந்தார். குடம் உருண்டு பால் முழுதும் சாலையில் ஓடியது. முன்பல் ஒன்று உடைந்து உதடு கிழிந்திருந்தது. அவரைப் புரட்டிப் போட்டு முகத்தில் தண்ணீர் தெளிக்கும்போதும் என் உறுமி உறுமிக்கொண்டிருந்தது, நானும் குச்சியை அசைத்துக்கொண்டிருந்தேன். குணாதான் ஓடிப்போய் ஸ்பீக்கரை நிறுத்தினான்.

"ஏன் மச்சான் குறைக்கல? அக்கா கால் தள்ளாடுனத நீங்க பாக்கலையா?"

"நான் எங்கடா அடிச்சேன்? சாமி என் கையைப் பிடிச்சு அடிச்சுச்சு. விடவே இல்ல."

அவன் அதை நம்பினான். என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எந்தக் கையை என்று நினைத்துப் பாருங்கள்!

கோயிலில் ஆளாளுக்குப் பேசினார்கள். குடம் கவிழ்ந்தது என்றால் விரதத்தில் குறை என்று அர்த்தம். சுத்தமில்லாதவளை ஆத்தா தள்ளிவிட்டாள் என்றார்கள். நான் உறுமியை உறையில் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ எடுத்த காணொளி கைமாறிக் கைமாறிப் போனது. "உன் உறுமிய அந்த அம்மாவால தாங்க முடியல லா" என்று தொழிற்சாலையில் முதுகில் தட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இருந்ததே! நானும் சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறேன்.

இரண்டு வாரம் கழித்துப் பரிமளா அக்கா என் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பல் தெரியாமல் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, நீங்கதானே எம்பக்கத்துல இருந்தீங்க. எங்க தப்பு நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மறைக்காம சொல்லுங்க."

அவர் வாசற்படி ஏறி வந்து கேட்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. இதைவிட நல்ல நேரம் ஒரு மனிதனுக்கு எப்போது கிடைக்கும்?

"விரதத்துல எங்கயாச்சும் குறை இருந்திருக்கும்கா" என்றேன்.

அவர், "கடையில ஒருநாள் கோழிக்கறிக்கு உப்புப் பாத்தேன் தம்பி. பழக்கதோஷம். நாக்கு நுனியிலதான் பட்டுச்சு. உடனே துப்பிட்டேன்" என்றார்.

"அதான்கா."

ஒரே சொல். இப்படித்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப எம்மவளுக்கு நாந்தான் தடையா நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நான் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

போன வருடம் மகளுக்கு மூன்றாவது கருவும் தங்கவில்லை. அதற்கும் அவர் அந்த உப்பைத்தான் காரணம் சொல்கிறார். இந்த வருடம் மறுபடி பால்குடம். நாற்பத்தெட்டு நாள் விரதம், ஒருவேளைச் சாப்பாடு. கறிச்சட்டிப் பக்கமே போகக் கூடாது என்று கடை வேலையை விட்டுவிட்டார். அவருக்கு இனிப்புநீர் உண்டு, சர்க்கரை நோய். இப்படிப் பட்டினி கிடக்கக் கூடாது என்று கிளினிக்கில் திட்டினார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

என் தோள் முழுதாகச் சரியாகவில்லை. செயலியை அழித்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? கைப்பேசியை மாற்றினேன், புதியதிலும் அதையே இறக்கி வைத்திருக்கிறேன். வேறு எதையும் தேடிப் பார்க்கவில்லை.

இன்று காலை அக்கா கூப்பிட்டார். விரதம் தொடங்கி இருபத்தொரு நாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"தம்பி, நீங்கதான் அடிக்கணும், வேற ஆள் வேணாம். பாவம் பாத்துக் கொறச்சிடாதீங்க. போன தடவ அடிச்ச அதே வேகத்துலயே அடிங்க. இந்தத் தடவ நான் சுத்தமா இருக்கேன், விழ மாட்டேன்."

"சரிக்கா" என்றேன்.