தெங்கிஸ் ஆறும் நோர்ஜ்மாவின் ஜீப்பும்

நோர்ஜ்மாவின் கணவன் சஞ்சா தெங்கிஸ் ஆற்றோடு போனபோது, நான் தர்காத் பள்ளத்தாக்குக்கு மருத்துவ உதவியாளராக வந்து ஒன்பது வருடமாகியிருந்தது. பெரிய டாக்டர் மோரோன் நகரத்தில்தான். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான்.

சஞ்சாவின் பழைய ரஷ்ய ஜீப் நட்டாற்றில் நின்றுவிட்டது. கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறான். மூன்றாம் நாள் கீழே ஒரு மணல்திட்டில் உடல் கிடைத்தது. ஜீப்பை டிராக்டரால் இழுத்துவந்து நோர்ஜ்மாவின் கூடாரத்துக்குப் பின்னால் விட்டார்கள். அதை விற்றுவிடச் சொல்லாத ஆள் இல்லை. வாங்கத்தான் ஒருவரும் வரவில்லை.

சஞ்சாவின் அப்பா ஜிக்மித் ஆற்றுக்கு அக்கரையில் யாக் மாடுகள் வளர்ப்பவர். அடக்கத்தன்று எல்லோர் காதிலும் விழ, "என் பையன் தானாப் போகல. யாரோ அனுப்பிருக்காங்க" என்றார். அதன்பின் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நோர்ஜ்மா பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு விறகு போடும் வேலையில் இருந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும் எஞ்சினைப் பிரித்து வண்டலைத் துடைத்தாள். வசந்தத்தில் அது ஓடியது. விறகு ஏற்றினாள், கம்பளி ஏற்றினாள். ஆற்றுப் பக்கம் மட்டும் போகவில்லை.

இரண்டாம் வருடம் ஜூலையில் ஐந்து நாள் விடாத மழை. ஜிக்மித்தின் பக்கத்துக் கூடாரத்துக்காரன் ஒய்தோவ் குதிரையை நீந்தவிட்டு, இடுப்புவரை நனைந்து என்னிடம் வந்தான்.

"கிழவருக்கு அடிவயித்துல குடல் இறங்கிக் கல்லு மாதிரி ஆயிடுச்சு. ராத்திரியிலேர்ந்து வாந்தி. நிமிர முடியல, குதிரையில எப்படி உக்காருவாரு?"

கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. கத்தி வைக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். எங்கள் மருத்துவமனை வண்டி அச்சு முறிந்து நகரத்தில் கிடந்தது. நான் நோர்ஜ்மாவிடம் போனேன்.

அவள் கேட்டு முடித்து எழுந்து ஜீப்பின் சாவியை எடுத்தாள். பிறகு, "அக்கா, ரப்பர் கையுறை ரெண்டு குடு. டிரிப் ஏத்துற குழாயும் வேணும்" என்றாள்.

ஆற்றங்கரையில் அவள் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவுகளைக் கழற்றிப் புல்லில் வைத்தாள். தண்ணீர் உள்ளே புகுந்து மறுபக்கம் போக வழி இல்லாவிட்டால் வண்டி மிதந்துவிடுமாம். மின்விசிறியின் பெல்ட்டைக் கழற்றினாள். அது சுழன்றால் தண்ணீரை எஞ்சின்மேல் வாரி இறைக்கும். முகப்பில் தார்ப்பாய் கட்டினாள். இரண்டு அச்சுகளிலும் காற்று போகும் துளைகளில் என் டிரிப் குழாய்களைச் செருகி மேலே தூக்கிக் கட்டினாள். புகைக்குழாய்க்கு அடுப்புக் குழாயை ஒட்டவைத்துக் கூரைவரை உயர்த்தினாள். வயர் முனைகளிலெல்லாம் ஆட்டுவால் கொழுப்பை அப்பினாள்.

"வண்டி நல்லாத் தின்னுது. எனக்கு ஒரு துண்டு வெட்டக் கூடாதா?" என்றான் ஒய்தோவ்.

"அக்கரை போய்ச் சேர்ந்தா உனக்குத்தான் மிச்சம், போ."

கடைசியாகக் கையுறை. எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் மூடி நனைந்தால் வண்டி நின்றுவிடும்; அதிலிருந்து ஐந்து வயர் கிளம்பும். கையுறையின் ஐந்து விரல் நுனிகளையும் வெட்டி, விரலுக்கொரு வயராக நுழைத்து, மூடிக்குச் சட்டை போட்டதுபோல் மாட்டி இறுக்கிக் கட்டினாள். சஞ்சா போன அன்று காலையில் இதே மாதிரிக் கையுறையைத்தான் என்னிடம் கேட்டு வந்தான். இருந்தது ஒரே ஜோடி. பிரசவத்துக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நோர்ஜ்மா இடுப்பில் கயிறு கட்டி, கம்பு ஊன்றி ஆற்றில் நடந்துபோய் ஆழம் பார்த்துத் திரும்பினாள். நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். உதடு நீலமாகியிருந்தது. "நடுவுல கியர் மாத்த மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன். நீ கம்பியைப் பிடிச்சுக்கோ, அக்கா" என்றாள். நீரோட்டத்தின் போக்கிலேயே சாய்வாக ஓட்டினாள். தண்ணீர் மடியில் ஏறியது. எஞ்சின் இருமியது, நிற்கவில்லை.

அக்கரைக் கூடாரத்தில் ஜிக்மித் சாம்பல் நிறத்தில் கிடந்தார். வாசல் வழியாக ஜீப்பைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதுல நான் ஏற மாட்டேன்."

"மாமா, திட்டணும்னா அக்கரையில வந்து திட்டுங்க. இப்ப ஏறுங்க."

"அன்னிக்கு என்ன நடந்துச்சு? அத முதல்ல சொல்லு."

நோர்ஜ்மா அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். "மூடிக்குப் போட்ட ரப்பர் கிழிஞ்சிருக்கு, நாளைக்குப் போறேன்னாரு. வீட்டுல மாவு இல்ல, எங்க கரையில எங்கயும் கிடைக்கல. தண்ணி வடிஞ்சிருக்கு, போயிட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவள் நிறுத்திக்கொண்டாள். அவன் என்னிடம் வந்ததையும் வெறுங்கையோடு திரும்பியதையும் அவளிடம் சொல்லாமலா இருந்திருப்பான்? அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். ஊசியில் மருந்தை உறிஞ்சுவதில் மும்முரமாக இருப்பவள்போல் குனிந்துகொண்டேன்.

கிழவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். பிறகு, "மாவுக்கா" என்றார். "சரி, தூக்குங்க."

இருக்கைகளுக்கு மேல் பலகை கட்டி, கம்பளியில் சுற்றிப் படுக்கவைத்தோம். திரும்பும்போது தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. பலகை நனைந்தது, எஞ்சின் நிற்கவில்லை. கரையேறியதும் அவள் இறங்கிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து பெல்ட்டை மாட்டினாள்.

மோரோனுக்கு ஒரு பகல் ஓட்டம். பாதி வழியில், உலான்-ஊல் ஊரைத் தாண்டிய ஏற்றத்தில் அவர் மூச்சு நின்றது. கடைசியாகப் பேசியது அவளிடம்தான். "மெதுவா ஓட்டும்மா" என்றார்.

குடல் முந்தின இரவே அழுகத் தொடங்கியிருக்கும், எந்த வண்டியில் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று ஊரில் வீடு வீடாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். பிறகு, மகனைத் தின்ற வண்டி அப்பனையும் தின்றது என்று பேசினார்கள். நோர்ஜ்மா அச்சு எண்ணெயை மாற்றினாள். ஆற்றுத் தண்ணீர் புகுந்து, பால் கலந்த தேநீர் நிறத்தில் வடிந்தது. அதன்பின் அந்த ஜீப்பில் விறகு ஏற்றக்கூட யாரும் கூப்பிடவில்லை.

இலையுதிர்காலத்தில் விவரம் தெரியாத வெளியூர்க்காரன் ஒருவனுக்கு அதை விற்றுவிட்டு மோரோனுக்குப் போய்விட்டாள். அங்கேயும் கொதிகலன் வேலைதான். போன குளிர்காலத்தில் மருந்து வாங்கப் போனபோது தேடிப்போய்ப் பார்த்தேன். கரி படிந்த கையோடு தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன்.

"நோர்ஜ்மா, அன்னிக்கு சஞ்சா எங்கிட்ட வந்து..."

"தெரியும் அக்கா. டீ ஆறுது, குடி."

குடித்தேன். அவள் எழுந்து உலையின் கதவைத் திறந்து கரியை அள்ளிப் போட்டாள். முதுகைக் காட்டியபடியே, "ஆறு உறைஞ்சிடுச்சா?" என்றாள்.

"நவம்பர்லயே உறைஞ்சிடுச்சு."

"நல்லது. மே வரைக்கும் எல்லாரும் நடந்தே போவாங்க."