ரோஜா பார்டர் வருவதற்குள்...

காலை பத்து மணி பத்து நிமிடம். கல்மண்டபம் பிரவுசிங் சென்டரில் நான் முதலில் பார்த்தது ஒரு செருப்பு ஜோடியை. வாசலில், மற்ற செருப்புகளிலிருந்து தள்ளி, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. டீச்சர் செருப்பு என்று நினைத்தேன். சரிதான்.

திருவொற்றியூரில் ஒரு மெட்ரிக் பள்ளியின் தலைமையாசிரியை அவர். பள்ளி திறந்தாயிற்று, எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் டீச்சர் இல்லை. விண்ணப்பித்த சுகந்தி என்ற பி.எட். பெண், தன் பாடத்திட்டங்கள், சார்ட்டுகள் எல்லாவற்றையும் வெப்சைட்டில் போட்டிருப்பதாக எழுதியிருந்தாள். பள்ளியில் இன்டர்நெட் கிடையாது. அதனால் இன்டர்வியூ இங்கே!

பக்கத்து மிஷினில் இருந்த எனக்கும் அவர்களுக்கும் நடுவே அரை ஆள் உயர பிளைவுட். காதை மூடிக்கொள்ளவா முடியும்?

பக்கம் திறந்தது. திறந்துகொண்டே இருந்தது... படங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டங்கள். உச்சியில் மட்டும் ஒரு ரோஜா இதழ், கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

சுகந்தி கல்லாவில் இருந்த கடைக்காரரிடம் ஓடினாள். "அண்ணாச்சி, நேத்து டக்குனு வந்துச்சே. இன்னிக்கு இன்னா ஆச்சு?"

"நேத்து எந்த மிஷின்ல பாத்த?"

என் மிஷினைக் காட்டினாள். ஒருமுறை பார்த்த படம் அந்த மிஷினிலேயே தங்கிவிடுமாம், மறுமுறை உடனே வருமாம். அண்ணாச்சி விளக்கினார். "புது மிஷின்ல மொதல்லேருந்துல்லா வரணும்? நீ ரோசாப்பூவ வாசக்கதவு அகலத்துக்கு வச்சிருக்க."

"ரெக்கார்டு நோட்டுல பார்டர் இல்லன்னா மார்க் போட மாட்டாங்க அண்ணாச்சி."

உண்மை. பி.எட். படித்த யார் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். ஸ்கெட்ச் பேனா, ஜிகினா, பூ பார்டர். நடுவில் பாடமும் இருக்கும். அத்தனையையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தாள்.

"திங்கக்கெழம ஐஸ் ஃபேக்டரி ஆபீஸ்ல என்னிய சேத்துக்கோன்னு நைனா சொல்லிட்டு வந்துட்டாரு. இது போச்சுன்னா அவ்ளோதான்," என்றாள். கண் என் மிஷின் மேலேயே இருந்தது.

நான் எழுந்துவிட்டேன். "மேடம், இங்கே வந்து பாருங்க. உடனே வரும்."

"இருங்க சார். படிச்சிட்டிருக்கேன்."

எதை? எட்டிப் பார்த்தேன். காலிக் கட்டங்களுக்கு நடுவே, பார்டர் இல்லாமல் டைப் செய்த ஒரு பத்தி. எளிய ஆங்கிலம். சாரம் இது: 'அன்றைய வகுப்பு சரியாக வரவில்லை. வெப்பம் கடத்தாப் பொருளுக்கு ஃபிளாஸ்க் படம் காட்டினேன். யார் வீட்டிலும் ஃபிளாஸ்க் இல்லை. கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தி, மீன் பெட்டியில் ஐஸ் ஏன் சீக்கிரம் கரைவதில்லை என்று கேட்டாள். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்றேன். வீடு திரும்பும்போதுதான் புரிந்தது, அவள் கேட்டதுதான் பாடம். மறுநாள் ஒரு தெர்மோகோல் பெட்டியோடு போனேன்.'

"இது நெஜமா நடந்ததா?"

"ஆமா மேடம். காலேஜ்ல சுயமதிப்பீடு கட்டாயம்னாங்க. எடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

"ஏன்?"

"தப்பு பண்ணது மேடம்... எல்லாரும் பாப்பாங்க."

"மறுநாள் அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

சுகந்தி தயங்கினாள். "'அப்போ நேத்து இன்னாத்துக்கு மிஸ் திட்டுன?'ன்னு கேட்டா மேடம்."

தலைமையாசிரியை சிரித்தார். பிரவுசிங் சென்டரில் இரண்டு தலைகள் திரும்பும் அளவுக்கு.

அப்புறம் கேள்விகள் வந்தன. பெட்டிக்குள் ஐஸ், வெளியே ஐஸ் என்று இரண்டையும் வைத்தாயா? எது முதலில் கரைந்தது? பிள்ளைகளே பார்த்துச் சொன்னார்களா? சுகந்தி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். திரையை அவள் மறந்துவிட்டாள்.

நாம் காட்ட நினைப்பது ஒன்று. அடுத்தவர் பார்ப்பது வேறொன்று. சில நாள் அது நல்லதற்கும் நடக்கிறது.

"திங்கட்கிழமை வந்து சேர்ந்துடு. எட்டாவது சயின்ஸ்," என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அண்ணாச்சி கேட்டார். "அப்போ ஐஸ் ஃபேக்டரிக்குப் போவலியா?"

"போவாம? கிளாஸுக்கு ஐஸ் வாங்கணுமே."

திரையில் ரோஜா பார்டர் பாதி வரை இறங்கியிருந்தது.