லிஸ்பனிலிருந்து மாட்ரிட்: ஒன்றேகால் மணி நேரம்

செவ்வாய்க்கிழமை மாலை நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து கிளம்பும்போது என் கைப்பை நிறையக் கண்ணாடி வளையல்கள். மறுநாள் மாட்ரிட்டில் அக்காவுக்கு வளைகாப்பு. அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பிறந்த வீட்டுப் பக்கம் நான் ஒருத்திதான். வியாழன் காலையே திரும்பியாக வேண்டும், ஆபீசில் அதற்குமேல் லீவு இல்லை.

நேரடி விமானத்தில் இடமில்லாததால் லிஸ்பன் வழியாகப் பதிவு செய்திருந்தேன். லிஸ்பனிலிருந்து மாட்ரிட் வான்வழியில் சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி. எங்கள் நெவார்க்கிலிருந்து பாஸ்டன் போவதைப்போல ஒன்றரை மடங்கு தூரம், அவ்வளவுதான். காலை ஒன்பதேகாலுக்கு ஏறினால் பத்தரைக்கு இறங்கிவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டுக்கு. அதற்குள் வளையல் போட்டுவிடலாம்.

விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. கீழே பிப்ரவரி வெயிலில் செம்மண் மேடுகள், அவற்றில் புள்ளி வைத்ததுபோல் மரங்கள். காபி ஆறுவதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டோம். தரையைத் தொட்டதும் போனைப் பார்த்தேன். பதினொன்றரை! ஸ்பெயினின் கடிகாரம் போர்ச்சுகலைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறார்கள். நான்தான் கிளம்பும் நேரத்தோடு பறக்கும் நேரத்தைக் கூட்டிவிட்டு, மேலே படிக்காமல் விட்டேன்.

டாக்சிக்காரரை அவசரப்படுத்தியதற்கு, சிக்னல் தன் பேச்சைக் கேட்காது என்று சிரித்தார். வீட்டை அடைந்தபோது பன்னிரண்டேகால். அக்கா பட்டுப் புடவையில் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்த அவள் மாமியார், ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரைக் காட்டினார்.

"ஏனம்மணி, கடல் தாண்டி வரத் தெரிஞ்சவளுக்கு நேரத்துக்கு வரத் தெரியலையா? வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம்."

வெள்ளிக்கிழமை நான் நியூ ஜெர்சியில் இருப்பேன். அக்கா பக்கம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அப்போதுதான் எங்கள் ஜெர்சிக் கோயில் காலண்டர் ஞாபகம் வந்தது. அதில் ராகு காலத்தை ஜெர்சிச் சூரியனை வைத்துத்தான் போடுவார்கள். கோடையில் புதன்கிழமை ஒரு மணிக்குத்தான் தொடங்கும். அவசரமாகப் போனில் மாட்ரிட்டின் உதயத்தையும் அஸ்தமனத்தையும் தேடினேன்.

"அத்தை, இந்த ஊர்ல உச்சி வெயிலே ஒண்ணரைக்குத்தானுங்க. ராகு காலமும் அப்பத்தானுங்க."

போனை அவர் பார்க்கவில்லை. பால்கனிக்குப் போய்ச் சூரியனைப் பார்த்தார், கம்பியின் நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார். இன்னும் மேற்கேதான் சாய்ந்திருந்தது, உச்சி ஆகவில்லை. உள்ளே வந்தவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.

"வளையலப் பிரி. வாய்ப் பேச்சுல ஒண்ணும் கொறச்சலில்லை."

ஒரு மணிக்குள் அக்காவின் இரண்டு கைகளும் நிறைந்துவிட்டன.

வியாழன் காலை விடைபெற்றேன். ஜெர்சியில் ஒன்றேகால் மணி நேரம் காரில் போனாலும் அதே டர்ன்பைக் நெடுஞ்சாலைதான், அதே கடிகாரம்தான். இங்கே அவ்வளவு நேரம் பறந்தால் நாடு, பாஷை, பொழுது எல்லாமே வேறு. லிஃப்ட் வரை வந்த அத்தை, வழிக்குப் புளிசாதப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார்.

"பிரசவத்துக்கும் நீ வரோணும், அம்மணி. டிக்கெட்ட மட்டும் நாங்க போட்டுக்கறோம்."